பதக்க விளிம்பில் பேர் வெட்டிய பதினைந்து நாள்

பதக்கத்தில் பேர் வெட்டுகிற தொழிலில் முதலில் கெடுவது கண் என்பார்கள். எனக்கு முதலில் கெட்டது தூக்கம். பேர் புருஷனுக்கு, வேலை நமக்கு என்று காலம் தள்ளும் சகோதரிகளுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. குழந்தை தூங்கிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

வாசலில் சத்தம்

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், வீட்டு முன்னால் தாழ்வாரமாக ஓடும் ஐந்தடிப் பாதையில் டக், டக், அப்புறம் கர்ரென்று ஒரு இழுப்பு. சங்கிலியை இழுத்துக்கொண்டு யாரோ நடப்பதுபோல் இருந்தது. வீட்டில் நானும் எட்டு மாதக் குழந்தையும்தான். மடத்துப் பள்ளியில் கன்னியர்கள் சொல்லிக்கொடுத்த ஜெபங்களில் பாதிதான் ஞாபகம் வந்தது, அதையும் தப்பாகச் சொன்னேன்.

நான் தனியாக உளியோடு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் கமிட்டி. பினாங்கின் பெரிய மனிதர்கள் சிலர் கூடி, ராணி காலத்தில் பர்மாச் சண்டைக்குப் போய்விட்டு இங்கே தங்கிவிட்ட மெட்ராஸ் பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். சண்டை முடிந்து நாற்பது வருஷம்தான் ஆகிறது, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். வேலை, வெள்ளிக் கடை வைத்திருக்கிற என் வீட்டுக்காரருக்கு வந்தது. பேரெல்லாம் அவர் கையாலேயே வெட்டவேண்டும், வேறு கை பட்டால் வேலை வாபஸ் என்று கடிதம். பதக்கங்களை வார்த்து முடித்த மறுநாளே அவர் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டு, தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் எலும்பு கட்டும் மலாய்க்கார வைத்தியரிடம் போய்ப் படுத்துவிட்டார். வேலை போனால் கடையை மூடிவிட்டு, சுங்கை பாக்காப் தோட்டத்தில் மாமனார் இருக்கிற கூலி லயத்து ஒற்றை அறைக்கு நாங்கள் போகவேண்டியதுதான். எழுத்து அழகாக வரவேண்டும் என்று கன்னியர்கள் என் விரல் முட்டியில் போட்ட அடியெல்லாம் அன்றைக்குப் பலித்தது. உளியை நான் எடுத்தேன்.

சத்தம் கேட்ட அந்த ராத்திரி, ஜன்னல் பலகையை ஒரு விரல் அளவு தூக்கிப் பார்த்தேன். தாடி வைத்த பெரியவர், பூண் போட்ட தடியோடு நின்றார். அரிசிக் கிடங்கில் ராக்காவல் பார்க்கிற வீராசாமி என்று பிறகுதான் தெரிந்தது. பழைய சிப்பாய்கள் பாதிப்பேருக்கு இதுதான் பிழைப்பு; பகலில் தூங்கிவிட்டு இருட்டினபிறகு பதக்கம் விசாரிக்க வருகிறார்கள். யாரது என்று கேட்ட என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"பயப்படாத தாயி, திருடனா இருந்தா சத்தம் போடாமல்ல வருவேன்."

குதிரை

பதக்கத்தின் முகத்தில் என்ன போடுவது என்று கமிட்டி நாலு தரம் கூடியது. யானை வேண்டாம், புலி வேண்டாம், சிப்பாய் உருவம் பார்க்க லட்சணமாக இராது என்று தள்ளி, கடைசியில் வாள் ஓங்கிய துரை ஒருவரைக் குதிரைமேல் ஏற்றினார்கள். பட்டியலில் இருந்த முப்பத்தாறு பேரும் காலால் நடந்து போனவர்கள் என்பது கமிட்டிக்கு ஒரு குறையாகப் படவில்லை.

வீராசாமி ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில், ஜன்னல் வழியாக ஒரு பதக்கத்தை வாங்கி விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாயிருக்கிறதா என்று கேட்டேன். பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"குதிரை சரியாத்தான் இருக்கு தாயி, மேல உட்கார்ந்திருக்கிறவருதான் சண்டைக்கு வரல."

அப்பாவுக்குப் பதக்கம்

பட்டியலைத் தயாரித்தது கமிட்டியின் செயலாளர், ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணியார். வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பேர் என்று கடைசியில் ஒன்று உண்டல்லவா? நம்மவர்களிடம் அது இல்லாததை ஒரு பெரிய குறையாக எண்ணி, எல்லாருடைய அப்பா பேரையும் முழுசாக எழுதி, சிப்பாயின் பேரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார். நானும் பட்டியலில் உள்ளபடியே வெட்டிக்கொண்டு போனேன். இருபது முடிந்தபிறகு, வீராசாமி தன்னுடையதைப் படிக்கச் சொன்னார். விளிம்பில் இருந்தது 'வீ. கருப்பண்ணன்'.

கருப்பண்ணன் அவருடைய அப்பா. தப்பைச் சொல்லி, வீட்டுக்காரர் எழுதுவதுபோல் கிராணியாருக்குக் கடிதம் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: பட்டியல், பதக்கம் சூட்டப்போகிற துரை பார்வைக்குப் போய்விட்டது, இனி மாற்ற இயலாது; சிப்பாய்களை அதற்குத் தக்கபடி இருந்துகொள்ளச் சொல்லவும். இதை நான் வீராசாமியிடம் படித்துக் காட்டினேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. பதக்கத்தை மெதுவாக ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"எங்கப்பாரு ஆடு மேய்ச்சவரு, பட்டாளத்துக்காரனைக் கண்டாலே ஓடி ஒளிஞ்சுக்குவாரு, அவரை ஏன் லா இந்த வயசில சண்டைக்கு இழுக்கிறீங்க?"

கிராணியார் வந்தார்

அன்றைக்கே இருபது விளிம்பையும் அரத்தால் ராவித் தேய்த்துவிட்டு, சிப்பாய்கள் பேரையே வெட்ட ஆரம்பித்தேன். இதற்கு மட்டும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சாயங்காலம், பதக்கம் அசையாமல் இருக்க உருக்கி ஒட்டுகிற அரக்கின் புகை குழந்தைக்கு ஆகாதென்று கதவை விரியத் திறந்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கிராணியார் கோட்டும் தலைப்பாகையுமாக நிலைப்படியில் நிற்கிறார். என் கையில் உளி. மடியில் வெள்ளித் துருவல். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். பொய் சொல்ல வாயெடுத்தேன், உண்மை வந்துவிட்டது.

அவர் உள்ளே வந்தார். முடிந்த பதக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விளிம்பைப் படித்தார். தம் பட்டியலைப் பார்த்தார். மறுபடி விளிம்பைப் பார்த்தார். சுங்கை பாக்காப் லயத்தில் எந்த மூலையில் தூளி கட்டலாம் என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். கடைசியில், விழாவில் பேரைக் கூப்பிட்டதும் முப்பத்தாறு பேரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால் துரை என்ன கேட்பார் என்பது அவருக்கே தோன்றியிருக்கவேண்டும். முகம் வெளிறிவிட்டது. பட்டியலை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"நான் இங்க வரவுமில்ல, எதையும் பார்க்கவுமில்ல, கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு மிச்சத்தை வெட்டுங்கம்மா, கமிட்டித் தலைவர் இந்த வழியாத்தான் காற்று வாங்கப் போவார்."

குழந்தையின் தூளியைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன். பாலிக் புலாவில் கையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த என் வீட்டுக்காரர், மிச்சமிருந்த பதினோரு பேரையும் விடிவதற்குள் அழகாக வெட்டி முடித்தார்.