கறுப்பு மாதத்து அட்டை

பதினொரு வயதில் நான் என் மாமாவைச் சாகடித்தேன். தேவைப்பட்டது ஒரு போட்டோ, ஓர் அட்டை, கொஞ்சம் கறுப்பு மை. செத்தவருக்கும் தெரியாது, சாகடித்த எனக்கும் தெரியாது. மதுராந்தகத்துத் தபால்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

அப்பாவுக்கு டவுன்ஷிப்பில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கி, மகாபலிபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்காக, ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் கடற்கரைக் கோயில் முன்னால் வரிசையாக நிறுத்தி எடுத்து, பிரிண்டைப் பிறகு தபாலில் அனுப்புவார். அப்படி மதுராந்தகத்துப் பள்ளிக்கூடம் ஒன்று வந்துபோன கொஞ்ச நாளில், மாமாவுக்குத் திடீரென்று என் கலைத்திறமை மேல் அக்கறை பிறந்தது.

மதுராந்தகத்தில் என் வயதில் ஒரு பெண் இருக்கிறாளாம். மாதத்துக்கு ஒரு நிறம். அந்த நிறத்தில் ஒரு படம் எடுத்து, சட்டை டப்பாவின் அட்டையில் ஒட்டி, பின்பக்கம் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி அவளுக்கு அனுப்ப வேண்டும். அவளும் அதே நிறத்தில் எனக்கு அனுப்புவாள். விலாசம் மாமாவிடமே இருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இத்தனை வருஷம் முட்டாளாக இருந்திருக்க வேண்டாம்.

ஃபிலிம் சுருளில் மிஞ்சும் கடைசி ஒன்றிரண்டு படம் எனக்கு. மஞ்சள் மாதத்துக்குப் பூசணிப் பூவை எடுக்கலாம் என்றேன். மாமா மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்து பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டனை அமுக்குவது மட்டும் என் வேலை. பச்சைக்குச் சவுக்குத் தோப்பு. அதில் ஒரு மரத்தில் சாய்ந்தபடி மாமா. நீலத்துக்குக் கடல், பாதிக் கடலை மறைத்துக்கொண்டு மாமா. நடுவில் நீ எதற்கு என்று கேட்டேவிட்டேன்.

"ஆளு ஒண்ணு நின்னாத்தாம்மா கடலு எம்மாம் பெர்சுன்னு தெரியும்" என்றார். தொழில் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மதுராந்தகத்துக்காரிக்கும் கலையறிவு போதவில்லை. மஞ்சளுக்கு, முகம் தெரியாத ஒரு பின்னலில் சாமந்திச் சரம். பச்சைக்கு, கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. நீலத்துக்கு 'எங்கள் ஏரி' என்று எழுதியிருந்தாள். ஏரியை மறைத்துக்கொண்டு ஒரு நீலப் புடவைத் தலைப்புதான் பறந்தது. எல்லாம் அவளுடைய சித்தியாம், பள்ளிக்கூடத்தில் டீச்சராம். நான் பத்துக்கு நாலு மார்க்குக்கு மேல் போட்டதில்லை. லைட்டிங் பார்க்க வேண்டும் என்று மாமா அந்த அட்டைகளை வாங்கிக்கொண்டு போவார். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

கார்த்திகை மாதத்துக்கு நான் கறுப்பு என்று சொல்லியனுப்பினேன். மாமா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கழுத்தில் மணிமாலை, நெற்றி நிறையச் சந்தனம். இதைவிடக் கறுப்பான ஆள் கிடைக்க மாட்டார். ஆனால் ஃபிளாஷ் அடித்த நேரம் பார்த்துக் கண்ணை மூடிவிட்டார். சுருளும் தீர்ந்துவிட்டது. இது வேண்டாம், வேறு எடுத்துக்கொள்ளலாம் என்று பிரிண்டை மேசையில் போட்டுவிட்டுப் போனார். மாதம் முடியப்போகிறதே என்ற பதற்றம் எனக்கு. நானே ஒட்டினேன்.

வெறும் படம் மொட்டையாகத் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் தபாலில் இரண்டு வகை அலங்காரம் உண்டு. மூலையில் மஞ்சள் தடவியவை பீரோவுக்குள் போகும். ஓரத்தில் கறுப்பு பூசியவற்றை அம்மா வாசலிலேயே நின்று படித்து, சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவாள். எனக்கென்னவோ மஞ்சள் கறையைவிட அந்தக் கறுப்பு ஓரம்தான் நேர்த்தியாகப் பட்டது. இவ்வளவு அழகானதைப் போய்க் கிழிக்கிறாளே என்று வருத்தப்பட்டிருக்கிறேன். ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும் கறுப்பு ஓரம் இழுத்தேன். கீழே முத்து முத்தாக 'மாமா' என்று எழுதித் தேதியும் போட்டேன். முதல்முறையாக எனக்கு நானே பத்துக்குப் பத்து கொடுத்துக்கொண்டு, தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் சனிக்கிழமை. வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பெண் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கசங்கிய புடவை, வீங்கிய கண், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. கையில் என் அட்டை. தான் மதுராந்தகத்து டீச்சர் என்றும், தபால்காரர் அதை வீட்டு வாசலுக்கு வெளியே நின்றபடியே நீட்டினார் என்றும், விலாசத்தை விசாரித்துக்கொண்டு பஸ் மாறி மாறி வந்ததாகவும் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு என் அட்டை அவர் கையில் இருப்பது மட்டும் புரிந்தது.

அப்போதுதான் குளித்துவிட்டு, சரணம் சொல்லிக்கொண்டே மாமா பின்பக்கமிருந்து வந்தார். கேட்டருகே நின்றவரைப் பார்த்ததும் மாமாவின் சரணம் பாதியில் நின்றது. மாலை போட்டவர்கள், எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும் சாமி என்றுதானே கூப்பிட வேண்டும்.

"வாங்க சாமி" என்றார்.

வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நல்லாத்தான் கீறியா நீ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. மாமா ஓரடி முன்னால் வந்தார். மாலை ஞாபகம் வந்ததோ என்னவோ, நின்றுவிட்டார்.

அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு அந்தச் சிலுவையைப் பார்த்தாள். பிறகு தம்பியை. அந்தப் பார்வை எங்கள் வீட்டில் பாத்திரங்கள் பறப்பதற்கு முன்னால் வருவது. கறுப்பு ஓரம் போட்டது நீயா என்று என்னைக் கேட்டாள். பாராட்டப்போகிறாள் என்று ஆமாம் என்றேன். அடி விழவில்லை. அவள் கோபம் வேறு பக்கம் இருந்தது.

"இந்த மாதிரி அட்டைய கிழிக்காம எவளாவது வச்சிகினு ஊரு தாண்டி வருவாளா? வூட்ல இன்னா சொல்லி வளத்தாங்க?"

அவர் தலை நிமிரவில்லை. "கிழிச்சா நெசமாப் பூடும்னு பயமா இருந்துச்சிக்கா."

மாமா திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார்; அதுதான் குளித்தவுடனேயே துடைத்தாயிற்றே என்று நினைத்தேன். உட்கார்ந்திருந்தவரின் கையைப் பிடித்துத் தூக்கி, "உள்ள வா. மொகத்த கழுவு மொதல்ல" என்றாள் அம்மா.

அன்று அவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. அட்டையை என்னிடம் தரச்சொல்லிக் கேட்டேன். அவர் அதை அம்மாவிடமிருந்து வாங்கிக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டார். ஒரு மடிப்பு விழவில்லை, மை கலையவில்லை, அப்புறம் எதற்கு இத்தனை அழுகை என்று நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டே யோசித்தேன்.

அடுத்த மாதத்து நிறத்தை யாரும் சொல்லவில்லை. மலைக்குப் போய்விட்டு வந்த மாமா, என்னைக் கூப்பிடாமல், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தனியாக மதுராந்தகம் போக ஆரம்பித்தார். என்னைக் கழற்றிவிட்டு அந்தப் பெண்ணோடு நேரிலேயே அட்டை மாற்றிக்கொள்கிறார் என்று நினைத்து, ஒரு வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த அட்டையை அத்தை இன்றுவரை கிழிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.