தம்பி பறித்த தைல இலைகள்

எலுமிச்சை மணக்கும் தைலச் செடியை வாங்கிய அன்றே அதற்கென ஒரு குறிப்பேடு தொடங்கினேன். முதல் பதினோரு நாளில் அடி இலைகள் உதிர்ந்தன. தண்ணீர் அதிகம். அதன்பின் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்றினேன். கொசுவுக்குப் பயந்து தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவில்லை. பூன் லே வட்டாரத்து அடுக்குமாடி வீட்டின் பொதுத் தாழ்வாரத்தில், காலை வெயில் விழும் இடத்தில், கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நாற்பதாம் நாள் உச்சியில் சிவந்த தளிர் வந்தது.

துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் என் தம்பியும் நானும் மட்டும்தான் அந்த வீட்டில். நாற்பத்து மூன்றாம் நாள், வியாழக்கிழமை மாலை, நான் வேலை முடிந்து வந்தபோது தொட்டியில் வெறும் குச்சி நின்றது. தளிரையும் விட்டுவைக்கவில்லை. கூடத்தில் போர்வைக்குள் தம்பி குந்தியிருந்தான். அவன் முன்னால் கொதிக்கும் சட்டி.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"ஆவி புடிக்கிறேண்ணே. மூக்கு சும்மா ஜிவ்வுன்னு தொறக்குது லா. நீங்களும் உள்ள வாங்க."

"அது என் செடிடா!"

"வெளிய இருக்குற கறிவேப்பிலைய இந்த பிளாக்ல எல்லா வீட்டுக்காரங்களும் பறிக்கிறாங்க. கேக்காம பறிச்சுக்கலாம்னு சொன்னது யாரு? நீங்கதானே?"

நான்தான். ஆனால் அவன் போர்வைக்குள்ளிருந்து சிரித்தான். அந்தச் சிரிப்பின் மேல் ஓங்கி அடித்தேன். முகமா மண்டையா என்று தெரியாமல் இன்னொரு முறையும் அடித்தேன். போர்வையைப் பிடித்து இழுத்தேன். சட்டி கவிழ்ந்தது.

கொதிநீர் அவனுடைய வலது முழங்காலுக்குக் கீழே முழுவதும் பாய்ந்தது. அவன் அலறினான். வெந்த இலைகள் காலில் ஒட்டியிருந்தன. ஒன்றை எடுத்தேன். தோலும் சேர்ந்து வந்தது.

அவனைக் குளியலறைக்கு இழுத்துப்போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு மருத்துவமனை. எப்படி நடந்தது என்று மருத்துவர் கேட்டார்.

"நானே தட்டிவிட்டுட்டேன் டாக்டர்" என்றான் தம்பி.

அவன் என் பக்கம் திரும்பவில்லை.

பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தான். கட்டு மாற்ற நான் குனிந்தால் காலை இழுத்துக்கொள்வான். கஞ்சி வைத்தேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்காமலே சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பதின்மூன்றாம் நாள் பையோடு மின்தூக்கி முன் நின்றான். சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நண்பனோடு தங்கப் போவதாகச் சொன்னான். நான் பையைப் பிடித்தேன்.

"கைய எடுங்க."

"காலு ஆறட்டும்டா. அப்புறம் போ."

முழங்கையால் என் வாயில் இடித்தான். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. சட்டையில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்" என்று நொண்டியபடி உள்ளே ஏறினான்.

"மன்னிச்சிருடா" என்றேன். வாய் நிறைய ரத்தம். சொல் குழறியது. அவனுக்குக் கேட்டது. கதவை மூடும் பொத்தானை அழுத்தினான்.