துடைத்த ஜன்னல்

மறுபடியும் அந்த ஜன்னலைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறார். பெட்டியின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் அகலமான ஜன்னல். அதில் தூசி இல்லை, கறை இல்லை, ஈ உட்கார்ந்த தடம்கூட இல்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து மடித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கொண்டுபோகிறார், திரும்பக் கொண்டுவருகிறார். குளிப்பாட்டிய குழந்தையைத் துவட்டுகிற பதம்.

"அண்ணே, கண்ணாடி தேஞ்சு போயிடப் போகுது" என்கிறார் என் எதிர் இருக்கைக்காரர். மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனை அதிகாரி. என்னைப் போலவே வாராவாரம் இந்த வண்டியில் போகிறவர்.

"தேஞ்சா நல்லதுதான் சார். காத்தாவது வரும்."

இந்தப் பெட்டியில் தேநீர் கொடுப்பதுதான் அவருடைய வேலை. ஐம்பதைத் தாண்டியவர். நிற்கும்போது கால்களை அகட்டி ஊன்றித்தான் நிற்பார். பழைய வண்டி ஆடிய ஆட்டத்தில் வந்த பழக்கம். புது வண்டி ஆடுவதில்லை. அந்தச் சேதியை அவர் கால்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. கோப்பையில் முக்காலுக்கு மேல் ஊற்றவும் மாட்டார். "முழுசா ஊத்தினா முதல் வாய் உங்க மடிக்குத்தான்" என்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கண்ணாடி'. காரணம் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பழைய வண்டியில் அவர் குரல் இரண்டு பெட்டி முன்னாலேயே வந்துவிடும். கேனைத் தூக்கிக்கொண்டு, தூங்குகிறவர்களின் காலைத் தாண்டி, "டீ, சூடா டீ" என்று போவார். இப்போது கூவக் கூடாது. இடுப்பை வளைத்து, "வணக்கம், தாங்கள் என்ன அருந்துகிறீர்கள்?" என்று கேட்க வேண்டுமாம். பயிற்சியெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். "வீட்ல ஒரு நாள் இப்படிக் கேட்டுட்டேன் சார். என் சம்சாரம் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா."

என் அலுவலகம் எனக்கு ஒரு பொன் அட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டினால் ஏறியதும் பழச்சாறு, பிறகு சூடான துண்டு, தலையணை, இறங்கும் ஊரில் சோபா போட்ட ஓய்வறை. நான் பயணம் செய்யச் செய்ய புள்ளிகள் சேர்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு இன்னும் பயணம் செய்யலாம். அட்டை இல்லாதவர்களின் பெட்டிகளுக்குத் தேநீர் போவதையே நிறுத்திவிட்டார்கள். வயதானவர்களுக்கு இருந்த அரைக் கட்டணமும் போயிற்று. அந்தக் காசில்தான் என் துண்டைச் சூடாக்குகிறார்களோ என்னவோ. முகத்தைத் துடைக்கும்போது அந்த நினைப்பு வரத்தான் செய்கிறது. துடைத்துக்கொள்ளவும்தான் செய்கிறேன்.

ஒருமுறை கடைசி இருக்கை கிடைத்தது, அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. அன்றுதான் கவனித்தேன். வண்டி முனைய நிலையத்தை நெருங்கி வேகம் குறைக்கும்; ஒரு தையல் ஆலையின் நீளமான தகரக் கூரை வரும். அங்கே துணி தோளிலிருந்து இறங்குகிறது. கூரை முடிந்ததும் துணி தோளுக்குத் திரும்புகிறது. நடுவில் அவர் கண் கண்ணாடியில் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நானும் பார்த்தேன். தண்டவாளத்தை ஒட்டி இரும்பு வேலி. வேலியோரம் நீல மேலங்கி போட்ட ஒரு பெண். வேலிக் கம்பியில் ஏறி நின்ற ஒரு குழந்தை. இருவரும் எங்கள் வண்டியைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணும் பேத்தியும்" என்றார், நான் கேட்காமலே.

பழைய வண்டி மதியம் போய்ச் சேரும். மகளுக்கு அப்போது சாப்பாட்டு இடைவேளை. ஆலையின் குழந்தைக் காப்பகத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து வந்துவிடுவாள். வண்டி திரும்பும்வரை மூன்று பேரும் பார்சல் தள்ளுவண்டியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். இப்போது பிளாட்பாரம் டிக்கெட்டே கிடையாது. போனில் பயண டிக்கெட்டைக் காட்டினால்தான் வாசல் திறக்கும். இவரும் வெளியே போக முடியாது. வந்ததும் சாப்பாட்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். குடும்பத்துக்கு இருந்த இலவசப் பாஸ், உணவு வேலையைக் குத்தகைக்காரருக்குக் கொடுத்த அன்றே போய்விட்டது.

"விடுமுறை நாள்ல டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துட்டு வரலாமே அண்ணே."

"எதுல போறது? மெதுவா போற வண்டியெல்லாம் எடுத்துட்டாங்க. இதுல ராத்திரி பாத்த விலை காலைல இருக்கிறதில்ல. நான் வேலை பாக்குற வண்டில நான் உக்காந்து போக எனக்கு வக்கில்ல சார்."

என் அட்டைக்கு ஒரு விருந்தினரை உள்ளே அழைத்துப்போகும் சலுகை உண்டு. அதைச் சொன்னேன். சிரித்தார். விருந்தினர் ஓய்வறை வரைதான் வரலாம். ஓய்வறைக்குள் சீருடைக்காரர்கள் வரக் கூடாது.

"போன்ல பாக்குறீங்கதானே?"

"பாக்குறேன். போன்ல மூஞ்சி தெரியுது, வளத்தி தெரியல. இங்க பாருங்க, அடிக்கம்பில நின்னது இப்ப ரெண்டாம் கம்பிக்கு ஏறிடுச்சு."

வெளியே இருந்து பார்த்தால் எங்கள் ஜன்னல்கள் எல்லாம் கறுப்பு. அவர்களுக்கு அவர்கள் முகம்தான் தெரியும். அதனால் எல்லா ஜன்னலுக்கும் பொதுவாகக் கையாட்டுகிறார்கள். இவர் பதிலுக்குக் கையாட்டலாம்தான். ஆனால் பெட்டிக்குள் தலைக்கு மேலே கேமரா இருக்கிறது. வேலையில்லாமல் நிற்கும் பணியாளரை அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். இறங்கும் நேரத்தில் பயணிகளிடம் நட்சத்திரம் வாங்க வேண்டும் என்பது வேறு. நட்சத்திரம் குறைந்தால் இந்தப் பெட்டி வேலை போய்விடும். துடைப்பது மட்டும் வேலைக் கணக்கில் சேரும். அதனால் துணியை எடுத்துக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம்வரை. தேநீர் கேட்டேன், முக்கால் கோப்பை கொடுத்தார்.

போன வாரம் ஏறியபோது அவர் சட்டையில் ஒரு பித்தளை நட்சத்திரம் மின்னியது. தூய்மைக்கான விருது. விற்பனை அதிகாரிக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு பயணத்திலும் ஐந்து நட்சத்திரம் போட்டு, "இப்படி ஜன்னல் துடைக்கிறவரை நான் பார்த்ததில்லை" என்று எழுதியவர் அவர்தான். "நம்மாள நாலு பேருக்கு நல்லது நடக்கணும்ல சார்" என்றார். நல்ல மனிதர். அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

விருதோடு பதவி உயர்வும் உண்டு. வடக்கே போகும் புது சொகுசு வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். இந்தத் தடத்தில் அதுதான் அவருக்குக் கடைசி நாள்.

"வேண்டாம்னு சொல்ல முடியாதா?"

"வேண்டாம்னா வேலையே வேண்டாம்னு அர்த்தமாம். சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

"பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "சொல்லல. புள்ள எந்த ரயிலைப் பாத்தாலும் தாத்தாங்குதாம். அதுங்க ரயிலுக்குத்தானே கையாட்டுதுங்க சார். உள்ள நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

தகரக் கூரை வந்தது. வண்டி வேகம் குறைத்தது. விற்பனை அதிகாரி என் முழங்காலைத் தட்டி, "பாருங்க, ஆரம்பிக்கப் போறார்" என்றார். வேலியோரம் நீல மேலங்கி நின்றது. இரண்டாம் கம்பியில் குழந்தை, ஒரு கை அம்மாவின் கழுத்தில், மறு கை காற்றில். அவர் துணியை எடுக்கவில்லை. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். கூரை முடியும்வரை எடுக்கவில்லை. பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார். ஜன்னலில் ஐந்து விரலும் பதிந்து கிடந்தன. துணி தோளிலேயே இருந்தது.