கல்லச்சுப் படத்து நடிகை

ஊரில் மாதா கோயில் கூத்துகளில் எனக்கு எப்போதும் ராணி வேடம்தான். ஆண்பிள்ளை என்றாலும் குரல் மெல்லியது என்பதால் சின்ன வயதிலேயே சீலை கட்டிவிட்டார்கள். எண்பதுகளில் பாரிசுக்கு வந்து, லா சப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோதும், ஈஸ்டருக்கு நாங்கள் போடவிருந்த கூத்தில் ராணி நானேதான்.

வேலைக்குப் போகும் வழியில் பழைய சாமான் கடை ஒன்று இருந்தது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நடிகையின் படம். கறுப்பு மை, மெல்லச் சாம்பலாகி மறையும் நிழல்கள். அகன்ற வாய், சற்றே பெரிய மூக்கு. அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய துயரச் செய்தி ஒன்றைக் கேட்டவள்போல, சால்வையை ஒரு கையால் பிடித்தபடி நிமிர்ந்து நின்றாள். அந்தக் கண்களைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. கடைக்கார அம்மாவிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விசாரித்தேன். கல்லில் வரைந்து காகிதத்தில் ஒற்றியெடுத்த படம் என்றும், போன நூற்றாண்டில் மேடையில் பேரெடுத்தவள் என்றும் சொன்னார். வாங்கிவிட்டேன்.

எங்கள் கூத்தில் மகன் இறந்த சேதி கேட்டு ராணி மார்பில் அடித்து அழுவாள். இந்த முறை படத்தில் இருந்தவளைப்போல நின்று பார்ப்போம் என்று நினைத்து, படத்தை ஒத்திகைக்குக் கொண்டுபோனேன். எங்களுக்கு உடுப்புத் தைக்கத் திரான்சி புறநகரிலிருந்து கணவனோடு வந்த பெண் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

“உவ ஆர் அண்ணை?”

“நாடகக்காரி, தங்கச்சி. அந்தக் காலத்து ஆள்.”

“பொம்பிளைதானே?”

“ஓம்.”

“அப்ப ஏன் அண்ணை நீங்கள் சீலை கட்டுறியள்?”

படத்தை அவளிடமிருந்து வாங்கி வைத்தேன். ராணியை இந்தத் தங்கச்சியே ஆடட்டும் என்று மற்றவர்களிடம் சொன்னேன். சிலர் முணுமுணுத்தார்கள். பெண்ணை மேடையேற்றினால் சனம் என்ன சொல்லும் என்றார்கள். அவள் கணவன்தான், “அவ நல்லாப் பாடுவா” என்று அமைதியாகச் சொன்னார்.

கூத்தன்று அவள் என்னைப்போலவும் அழவில்லை, படத்தில் இருந்தவளைப்போலவும் நிற்கவில்லை. சேதி கேட்டதும் மெல்ல உட்கார்ந்து, மகனின் மேலங்கியை மடியில் வைத்து மடித்துக்கொண்டே பாடினாள். திரையை இழுக்க வேண்டியவன் நான். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்துவிட்டேன்.

அடுத்த வருடம் எனக்கு மந்திரி வேடம் தந்தார்கள். ஒட்டிய மீசை தாங்கமுடியாமல் அரித்தது.