மழைக் கவிதைக்காரர்

எங்கள் வாட்ஸ்அப் கவிதைக் குழுவில் மாதம் ஒருவர் நடுவர். பிடித்த கவிதைக்கு ரோஜாப்பூ போட்டுக் கொண்டாடுவார். பிடிக்காததைப் பேசாமல் விட்டுவிடுவார். மழையைப் பற்றியே எழுதும் ஒருவர் மட்டும், தான் நடுவரான மாதத்தில், என் முந்திரிக்காட்டுக் கவிதையைக் குரல் பதிவில் ராகம் போட்டு வாசித்து, "இது கவிதை இல்லீங்க, சந்தை வெலைப் பட்டியல்" என்றார். குழுவில் சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன.

நான் நடுவராகும் மாதத்துக்காகக் காத்திருந்தேன். அவருடைய மழைக் கவிதை வந்தது. கூச்சத்தால் குழுவில் பேசியே அறியாத நான், அதே ராகத்தில் அதை முழுவதும் வாசித்து, "இது வானிலை அறிக்கைங்க" என்று அனுப்பினேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

புதுக்கோட்டையில் நடந்த குழுவின் ஆண்டு விழாவில்தான் அவரை நேரில் பார்த்தேன். மை போட்ட மீசை. பேசுமுன் அதை ஒருமுறை தடவிக்கொள்வார். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"கந்தர்வக்கோட்டைக்காரரு நீங்கதானே? அந்தப் பதிவை அழிச்சுறாதீங்க. வீட்டுல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன்."

"கோவம் இல்லீங்களா?"

"எதுக்குங்க? என் கவிதைய இன்னொருத்தரு முழுசா வாசிச்சுக் கேட்டது அதுதான் மொதத் தடவை."

தனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து என் தோளில் போர்த்தினார். எனக்கு எரிந்தது.

அடுத்த முறை நான் நடுவராகும்போது, அவருடைய கவிதையை வாசிக்கவே மாட்டேன்.