சித்தி மெதுவாகச் செய்த சூரிய வணக்கம்

மார்கழி முடிந்து தை பிறக்கும் காலையில் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று எனக்கு முதலில் சொன்னது சித்திதான். அம்மாவின் தங்கை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுப்போகும் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் பலாங்கொடைக்குப் போய், கோயில் மண்டபத்தில் யோகாசனம் பழகிவந்தாள். மற்றவர்கள் இடுப்பு வலிக்காகப் போனார்கள். சித்தி சாமிக்காகப் போனாள்.

"காலம் திரும்பையில நம்மளும் திரும்பணும்டி. ஒடம்பு குனிஞ்சாத்தான் மனசு குனியும்" என்பாள்.

அந்த மார்கழியில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் குமரிப் பெண்கள் சிலரைச் சேர்த்து, பிள்ளைக்காம்பராவுக்கு மேலே இருந்த மைதானத்தில் விடியற்காலையில் சூரிய நமஸ்காரம் பழக்கினாள். நானும் போனேன். கூட்டத்தில் சின்னவள் நான்தான். ஆனாலும் பிசகாமல் செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஓர் எண்ணம்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "சண்டை நடக்கிற காலத்துல பொம்பளப் புள்ளைகள வரிசையா நிப்பாட்டிக் கையக் கால ஆட்டுறீங்க. பாக்கிற சனம் என்னான்னு நெனைக்கும்?" என்று சித்தியைக் கேட்டார். பனியில் எனக்குச் சளி பிடிக்கும் என்பதைத்தான் அப்பா இப்படிச் சுற்றிவளைத்துச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தைப்பொங்கலன்று விடியுமுன்னே மைதானத்துக்குப் போய்விட்டோம். வணக்கம் முடிந்ததும் லயத்துக் குடும்பங்கள் எல்லாம் மேலே வந்து அங்கேயே பொங்குவதாக ஏற்பாடு. மூடுபனியில் முன்னால் நிற்பவரின் முதுகு மட்டுமே தெரிந்தது. கைகளை உயர்த்தி நின்றபோது ஜீப் சத்தம் கேட்டது. தோட்டத்துத் துரையின் ஜீப் என்றுதான் முதலில் நினைத்தோம். இறங்கியவர்கள் துப்பாக்கியோடு வந்த பொலிஸ்காரர்கள்.

"மொகத்த மே கரன்னே?" என்றார் சார்ஜன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். கீழே கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். இங்கே பயிற்சி நடக்கிறதாமே, பழக்குவது யார் என்று அடுத்துக் கேட்டார். சித்தி முன்னால் வந்தாள். பெண்கள் எல்லோரையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். என்னைக் கணக்கில் எடுக்கவில்லை. எனக்கு அது அவமானமாக இருந்தது.

சித்தி சிங்களத்தில் பேசினாள். "மாத்தயா, அவுருதுப் புதுவருசத்துக்கு நீங்களும் சூரியன் மாறுற நேரம் பாத்துத்தானே அடுப்பு மூட்டுறீங்க? எங்களுக்கு அது இன்னிக்கு. ஆரம்பிச்ச வணக்கத்தப் பாதியில விடக்கூடாது. முடிச்சிட்டு வாறோம்."

சார்ஜன் கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா செஞ்சு காட்டு."

சித்தி கைகூப்பினாள். கைகளை உயர்த்தினாள். குனிந்தாள். ஒவ்வொரு நிலையிலும் அப்படியே நின்றாள். ஒரு நிலைக்கு ஒரு மூச்சு என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவள், உள்ளங்கையைத் தரையில் ஊன்றியபடி எத்தனையோ மூச்சு இழுத்துவிட்டாள். நெற்றியை ஈரப் புல்லில் வைத்தவள் எடுக்கவே இல்லை. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ஒரு பொலிஸ்காரர் பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். என் பக்கத்தில் நின்ற ஓர் அக்கா அழத் தொடங்கினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சித்தி, அது அப்படி இல்ல!" என்று கத்திவிட்டேன்.

சார்ஜன் என் பக்கம் திரும்பினார். என்ன சொன்னாய் என்று சிங்களத்தில் கேட்டார். "பிழையாச் செய்றாங்க. எப்பவும் வெரசாத்தான் செய்வாங்க" என்று அதே மொழியில் பதில் சொன்னேன், சரியான பதில் சொன்ன பெருமையோடு. அவர் சித்தியை உற்றுப் பார்த்தார். சித்தி குப்புறக் கிடந்தபடியே, தலையைத் திருப்பாமல், "நீ ஓம் மூச்சப் பாருடி" என்றாள்.

"போதும், எழும்பு" என்று சார்ஜன் அதட்டினார். சித்தி எழுந்தாள், அதையும் மெதுவாகத்தான்.

அப்போது பனிக்குள் பானைகள் இடிபடும் சத்தம் கேட்டது. அப்பா, அம்மா, தோட்டத் தலைவர், விறகும் கரும்புமாக லயமே ஏறி வந்தது. ஜீப்பைச் சுற்றி வந்து நின்றார்கள். யாரோ ஓடிப்போய்த் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரையும் அழைத்து வந்தார்கள். சிங்களவர், வீட்டில் உடுத்தும் சாரத்தோடே வந்திருந்தார். சார்ஜனைத் தள்ளிக் கூட்டிப்போய் நெடுநேரம் பேசினார். கடைசியில் சித்தியை மட்டும் வாக்குமூலத்துக்கு வரச் சொன்னார்கள். கிளாக்கரும் அப்பாவும் அதே ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள்.

சித்தி மத்தியானம் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகுதான் அம்மா பொங்கலுக்கு உலை வைத்தாள்.

பக்கத்துத் தோட்டத்தில் அதற்கு முந்திய வருடம் ஓர் அண்ணனை விடியுமுன் ஜீப்பில் ஏற்றிப் போயிருந்தார்கள். கொண்டுபோனதைக் கண்டேன் என்று சாட்சி சொல்ல யாருமில்லை. எந்த ஸ்டேசனில் கேட்டாலும் அப்படி ஒருவர் வரவே இல்லை என்றார்களாம். பெரியவர்கள் இதை எங்கள் காதில் விழாமல் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டறிந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது.

அன்று சித்தி முகம் கழுவி உட்கார்ந்ததும் நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். "காலையில எல்லாமே பிழை சித்தி. அம்புட்டு நேரமா நிப்பாங்க?"

"ஆமாடி, மறந்துபோச்சு. நீ சொல்லிக் குடு" என்றாள்.

வாசலில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நிலைக்கு ஒரு மூச்சு. சித்தி கைகளை உயர்த்தினாள். விரல்கள் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்தன. வெயில் நன்றாக ஏறியிருந்தும் சித்திக்கு இன்னும் குளிர் விடவில்லை என்று நினைத்து, உள்ளே ஓடிப்போய் அம்மாவின் கம்பளியை எடுத்து வந்தேன்.