கருட சேவை அன்று மாறிய முகவரி

வைகாசி கருட சேவை வந்தால் எனக்கு இன்றும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. பெருமாளைச் சொல்லி என்ன செய்ய. நானும் என் நண்பனும் பண்ணிய காரியம் அப்படி.

நாங்கள் இருவரும் தறிக்காக ஒரு புரோகிராம் எழுதினோம். கணினியில் வரைந்த புடவை டிசைனை, தறியின் மேலிருந்து பாவு நூலைத் தூக்கும் எலக்ட்ரானிக் பெட்டிக்கு அது அனுப்பும். அவன் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். புனேயில் கிடைத்த வேலையை அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். இது ஓடினால் ஊரோடு இருந்துவிடலாம்.

சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரர் ஒருவர், "கருட சேவை அன்னிக்குத் தறி சும்மாதான் இருக்கும், வந்து காட்டுங்கபா" என்றார். விடிந்ததும் போய் எல்லாம் பூட்டி ஓட்டிப் பார்த்தோம், ஓடியது. பெருமாள் தெருவுக்கு வரும் நேரம் வழக்கம்போல் கரண்டை நிறுத்தினார்கள். குடைகள் கம்பியில் படக் கூடாதே. நாங்களும் வாசலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

கரண்ட் வந்ததும் அவர் வீட்டு ஆட்களெல்லாம் தறியைச் சுற்றி நின்றார்கள். பெட்டி அசையவில்லை. அவன் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். "இன்னாபா, நூலே தூக்கலியே?" என்ற தறிக்காரர், சற்று நேரத்தில் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த மரியாதைதான் அதிகம் சுட்டது.

காரணம் அற்பம். 'டிசைனை இந்த முகவரியில் வந்து வாங்கிக்கொள்' என்று பெட்டிக்குச் சொல்ல, கணினியின் முகவரியை புரோகிராமுக்குள் கையாலேயே எழுதி வைத்திருந்தோம். கரண்ட் போய் வந்ததில் ரூட்டர் கணினிக்கு வேறு முகவரி கொடுத்துவிட்டது. பெட்டி பழைய முகவரியில் போய்த் தட்டிக்கொண்டிருந்தது. பெட்டியோடு இணைப்பு கிடைத்தபின், 'என் பக்கத்து முகவரி என்ன' என்று அந்த இணைப்பின் நம் பக்கத்து முனையான சாக்கெட்டையே கேட்டிருக்கலாம். அதற்கென்றே கெட்சாக்நேம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. வருஷா வருஷம் சாமி வரும்போது கரண்ட் நிற்பதைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அது தோன்றவில்லை. அவன் புனேக்கு ரயில் ஏறிய பிறகுதான் அதை எழுதினேன்.

ஆடி பிறந்ததும் தறிக்காரர் போன் செய்தார். "இன்னொரு தபா பாத்துடலாம்பா. கூட வந்த தம்பியையும் கூட்டிக்கினு வா." நான் தனியாகப் போனேன். பெட்டி நூலைத் தூக்கியது. மற்ற தறிகளுக்கும் போடச் சொன்னார். தெருவில் நின்றபடியே அவனைக் கூப்பிட்டேன்.

"சூப்பர்டா" என்றான். கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் இப்போதைக்கு விட மாட்டார்கள் என்றும் சொன்னான்.

"அங்கதானே இருக்கிற, அப்பாவை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடேன்" என்றான்.